ரோம், 1943 அக்டோபர் 16: ஒரு கணக்கெடுப்பு கைதுப் பட்டியலான கதை

1943 அக்டோபர் 16 ஒரு சனிக்கிழமை; யூதர்களின் ஓய்வுநாள். ரோமில் மழை பெய்துகொண்டிருந்தது. காலை ஐந்தரை மணியளவில், டைபர் ஆற்றங்கரையில் உள்ள பழைய யூதக் குடியிருப்பின் தெருக்களை அடைத்து நின்ற ஜெர்மானியப் படையினர், கையிலிருந்த முகவரிகளைச் சரிபார்த்துக் கதவு கதவாகத் தட்டினார்கள். திறந்தவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கப்பட்டது. அதில் ஆறு கட்டளைகள் இருந்தன. நீங்களும் உங்கள் குடும்பமும் வீட்டிலுள்ள மற்ற யூதர்களும் வேறிடத்துக்கு மாற்றப்படுகிறீர்கள். குறைந்தது எட்டு நாளைக்கான உணவு, ரேஷன் அட்டை, அடையாள அட்டை, தண்ணீர் குடிக்கக் குவளை ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். சிறு பெட்டியில் துணிமணி, போர்வை, பணம், நகை எடுத்துக்கொள்ளலாம். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுவர வேண்டும். நோயாளிகள், எவ்வளவு மோசமான நிலையில் இருந்தாலும், எக்காரணத்தைக் கொண்டும் பின்தங்கக் கூடாது. முகாமில் மருத்துவமனை உண்டு. இந்தச் சீட்டைக் காட்டிய இருபதாவது நிமிடம் குடும்பம் புறப்படத் தயாராக இருக்க வேண்டும்.

குவளையையும் சாவியையும் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது. வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துவா என்றால் திரும்பி வருவோம் என்றுதான் எவரும் நினைப்பார். எட்டு நாள் சாப்பாட்டைக் கட்டச் சொன்னால், ஒன்பதாம் நாள் வேறு யாரோ சோறு போடுவார்கள் என்றுதான் நம்பத் தோன்றும். சீட்டை எழுதியவர்கள் இதை அறிந்தே எழுதினார்கள். ஐந்தாவது கட்டளை ஒன்றுதான் உண்மையைக் காட்டிக்கொடுக்கக்கூடியது: வேலைக்கு அழைத்துப்போகிறவர்களுக்குப் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கிழவி எதற்கு? ஆனால் இருபது நிமிடத்தில், குழந்தைகள் அழும் வீட்டில், இதையெல்லாம் யோசிக்க யாருக்கு அவகாசம் இருந்தது?

பிற்பகல் இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ரோமில் எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் காவல் தலைவரான ஹெர்பர்ட் காப்ளர் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையின்படி, நகரம் 26 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, 365 ஆட்களைக் கொண்டு 1,259 பேர் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் ஆண்கள் 363, பெண்கள் 689, குழந்தைகள் 207. ஒரு பெருநகரில், பழைய யூதக் குடியிருப்புக்கு வெளியேயும் பல மூலைகளில் சிதறி, மற்ற இத்தாலியர்களோடு ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கி, அதே மொழியைப் பேசி வாழ்ந்த மக்கள் இவர்கள். நடையிலோ உடையிலோ எவரும் பிரித்தறிய முடியாதவர்கள். அந்நகருக்கு அண்மையில் வந்திறங்கிய அந்நியப் படையினர் எட்டரை மணி நேரத்தில் இவர்களை எப்படி இனங்கண்டார்கள்? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்குத்தான் விடை தேடுகிறது. விடை 1943-இல் இல்லை. ஐந்தாண்டுகள் பின்னால், இத்தாலிய அரசு அலுவலகங்களின் அலமாரிகளில் இருக்கிறது. யூத இனவழிப்பு என்றதுமே ஹிட்லரின் பெயரோடு பேச்சை முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டதால், பாசிசம் என்ற சொல்லையே உலகுக்குத் தந்த நாட்டின் பங்கு நிழலிலேயே தங்கிவிட்டது.

ஆயிரத்தில் ஒருவர்

ரோமின் யூதர்கள் வந்தேறிகள் அல்லர். கிறித்தவம் பிறப்பதற்கு முன்பே அந்நகரில் குடியிருந்தவர்கள். ஐரோப்பாவிலேயே தொடர்ச்சியாக நிலைத்த மிகப் பழைய யூதச் சமூகங்களில் ஒன்று அது. 1555-இல் போப் நான்காம் பவுல் அவர்களை ஆற்றோரத்துத் தாழ்வான பகுதியில் மதில் சூழ அடைத்தார். அந்த அடைப்பு, ஒன்றுபட்ட இத்தாலியின் படைகள் 1870-இல் ரோமுக்குள் நுழைந்த பிறகே முற்றாக நீங்கியது. அதற்கப்புறம் அவர்கள் அடைந்த உயர்வு வேகமானது. எர்னெஸ்டோ நாத்தான் 1907-இல் ரோமின் மேயரானார். லூய்ஜி லுசாட்டி 1910-இல் நாட்டின் பிரதமரானார். முதல் உலகப் போரில் யூதர்கள் இத்தாலிக்காகப் போரிட்டுப் பதக்கம் பெற்றார்கள். 1922-இல் முசோலினி ஆட்சியைப் பிடித்தபோது அவர் கட்சியிலும் யூதர்கள் இருந்தார்கள். 1932 முதல் 1935 வரை அவருடைய நிதியமைச்சராக இருந்த குய்டோ யுங் ஒரு யூதர். இதைச் சொல்வது பாசிசத்துக்கு நற்சான்று கொடுக்க அல்ல. தங்களை வேட்டையாடப் போகும் அரசைத் தங்கள் அரசு என்றே அந்த மக்கள் நம்பியிருந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ளாமல் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால் சொல்கிறேன்.

மாற்றம் திடீரென்று வந்ததாகத் தோன்றினாலும் அதன் தடம் ஆப்பிரிக்காவில் தொடங்குகிறது. எத்தியோப்பியாவை 1935-36 போரில் கைப்பற்றிய பின், குடியேற்றப் பகுதிகளில் இத்தாலிய ஆண்கள் உள்ளூர்ப் பெண்களோடு குடும்பமாக வாழ்வதை 1937-இல் ஒரு சட்டம் குற்றமாக்கியது. இரத்தத்தைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிக்கும் பழக்கத்தை அரசு எந்திரம் முதலில் கறுப்பின மக்கள்மீது பயின்றது. மறு ஆண்டே அதைச் சொந்த நாட்டின் யூதர்கள்மீது திருப்பியது. 1938 ஜூலை நடுவில், ‘இன விஞ்ஞானிகள்’ என்ற பெயரில் பத்து அம்ச அறிக்கை ஒன்று செய்தித்தாளில் வெளிவந்தது. யூதர்கள் இத்தாலிய இனத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்று அது அறிவித்தது. ஹிட்லரின் வற்புறுத்தலால்தான் முசோலினி இதைச் செய்தார் என்று போருக்குப் பின் பலர் சாதித்தார்கள். ஜெர்மனியுடனான கூட்டு ஒரு காரணம் என்பது உண்மையே. ஆனால் ஜெர்மனி இப்படியொரு சட்டத்தை இயற்றும்படி கட்டளையிட்டதற்குச் சான்றில்லை. இத்தாலியப் பாசிசம் தன் கையாலேயே இதை எழுதிக்கொண்டது.

இங்கேதான் நம் வழக்கின் முதன்மைச் சான்று வருகிறது. 1938 ஆகஸ்ட் 22-ஆம் நாள் இத்தாலி முழுவதும் யூதர்களுக்கென்று தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. அதற்குப் பொறுப்பாக உள்துறை அமைச்சகத்தில் மக்கள்தொகை மற்றும் இனத்துக்கான தலைமை இயக்ககம் என்ற புதிய துறை அமைந்தது. ஊராட்சி, நகராட்சி ஊழியர்கள் படிவங்களோடு வீடு வீடாகச் சென்றார்கள். ஒருவர் எந்தக் கடவுளை வணங்குகிறார் என்பது அளவுகோலாகக் கொள்ளப்படவில்லை. பெற்றோரில் ஒருவராவது யூதராக இருந்தால் போதும், பெயர் பதிவாகியது. இவ்வாறு 58,412 பேர் எண்ணப்பட்டார்கள். அவர்களுள் தம்மை யூத சமயத்தினர் என்றோ யூதச் சமூகத்தினர் என்றோ கருதியவர்கள் 46,656 பேர். ரோமில் மட்டும் ஏறத்தாழ 12,000 பேர் இருந்தார்கள். நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நாட்டில் இது ஆயிரத்துக்கு ஒருவர் என்ற கணக்கு. இவ்வளவு சிறிய கூட்டத்தைப் பகையாகக் காட்ட வேண்டுமென்றால் முதலில் அதைக் கண்ணுக்குப் புலப்படச் செய்ய வேண்டும். அந்த வேலையைப் படிவம் செய்தது.

படிவங்களை நிரப்பியவர்கள் பயப்படவில்லை. அரசு கேட்டது, குடிமக்கள் விடை சொன்னார்கள். கணக்கெடுத்த ஊழியர்களும் கொலைகாரர்கள் அல்லர்; மாதச் சம்பளத்துக்கு எழுதியவர்கள். இவ்வழக்கில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்: அந்த நாளில் யாரையும் யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. பெயர், வயது, தொழில், முகவரி ஆகியவை மட்டுமே எழுதப்பட்டன.

அடுத்த இரு வாரங்களில் எழுத்து செயலாகியது. செப்டம்பர் 5-ஆம் நாள் மன்னர் மூன்றாம் விட்டோரியோ இமானுவேலே கையொப்பமிட்ட ஆணை, யூத மாணவர்களையும் ஆசிரியர்களையும் பள்ளி, பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றியது. நவம்பர் 17-இல் வந்த விரிவான சட்டம் யூதருக்கும் ‘ஆரியருக்கும்’ இடையே திருமணத்தைத் தடைசெய்தது; அரசுப் பணி, வங்கி, காப்பீட்டு நிறுவனங்களிலிருந்து அவர்களை நீக்கியது; நிலத்துக்கும் கட்டடத்துக்கும் உச்சவரம்பு விதித்தது; யூத வீட்டில் ஆரியர் வேலைக்காரராக இருக்கக் கூடாது என்றது. அதன் ஒன்பதாம் பிரிவை மட்டும் தனியே குறிப்பிட வேண்டும். யூத இனத்தைச் சேர்ந்தவர் என்ற விவரம் அரசுக்குத் தெரிவிக்கப்பட்டு, பிறப்பு இறப்புப் பதிவேட்டிலும் குடிமக்கள் பதிவேட்டிலும் குறிக்கப்பட வேண்டும் என்று அது விதித்தது. அதாவது ஆகஸ்ட் மாதத்துக் கணக்கெடுப்பு ஒரு நாள் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், குழந்தை பிறந்தாலும் வீடு மாறினாலும் திருத்திக்கொண்டே போகக்கூடிய உயிருள்ள பட்டியலாகியது.

இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி, மனைவி யூதர் என்பதால், 1938 டிசம்பரில் நோபல் பரிசு பெறச் சென்றவர் நாடு திரும்பாமல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அறிவியலாளர் ரீட்டா லெவி மொண்டால்சினி டூரினில் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். பதிப்பாளர் ஃபார்மிஜினி, மொடேனா நகரின் உயர்ந்த கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விட்டார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட பேராசிரியர்களின் நாற்காலிகள் காலியாயின. சில மாதங்களில் நிரம்பியும்விட்டன. ஃபுளோரன்சில் அப்படியொரு நாற்காலி தமக்கு அளிக்கப்பட்டபோது எழுத்தாளர் மாசிமோ பொன்தெம்பெல்லி மறுத்துவிட்டார். மறுத்தவர்களின் பெயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதே அந்தச் செயலின் அருமையையும் அந்தக் காலத்தின் அவமானத்தையும் ஒருசேரச் சொல்கிறது.

ரோமின் யூதர்களில் பெரும்பாலோர் பேராசிரியர்கள் அல்லர். தள்ளுவண்டியிலும் தோள்மூட்டையிலும் துணியும் சில்லறைச் சாமானும் விற்ற ஏழைகள். பழந்துணி வாங்கி விற்றவர்கள். அவர்களுடைய தெரு வியாபார உரிமங்களும் பின்னர் பறிக்கப்பட்டன. வானொலிப் பெட்டி வைத்திருக்கவும் தடை வந்தது. 1942-இல் யூத ஆண்களை டைபர் கரையில் மண் வெட்ட வைத்து, அதைப் படமெடுத்துப் பத்திரிகையில் போட்டு மகிழ்ந்தது அரசு. ஆனாலும் உயிருக்கு ஆபத்து என்று யாரும் எண்ணவில்லை. இன்னொன்றையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்: குரோவேஷியாவிலும் தெற்குப் பிரான்சிலும் கிரேக்கத்திலும் இத்தாலியப் படை கைப்பற்றியிருந்த பகுதிகளில், யூதர்களை ஜெர்மனியிடம் ஒப்படைக்கப் படை அதிகாரிகள் பலர் மறுத்தார்கள். இதனால் பல்லாயிரம் உயிர்கள் ஓரிரு ஆண்டுகள் தப்பின. வெளிநாட்டில் காத்த அதே அரசு உள்நாட்டில் பட்டியலைக் கிழித்தெறியவில்லை என்பதுதான் கொடுமை.

ஐம்பது கிலோ

1943 ஜூலை 25-இல் முசோலினி பதவியிலிருந்து இறக்கப்பட்டார். அடுத்து வந்த படோக்லியோ அரசு நாற்பத்தைந்து நாள் ரோமில் ஆண்டது. அந்த நாற்பத்தைந்து நாளில் இனச் சட்டங்களை நீக்கியிருக்கலாம், பதிவேடுகளை அழித்திருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. செப்டம்பர் 8-இல் போர் நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. மறுநாள் மன்னர் ரோமை விட்டு ஓடினார். அதற்கு மறுநாள் நகரம் ஜெர்மானியர் கைக்குப் போனது. அலமாரிகள் அப்படியே இருந்தன.

செப்டம்பர் 26-ஆம் நாள் காப்ளர், ரோம் யூதச் சமூகத்தின் தலைவர் ஊகோ ஃபோவாவையும், இத்தாலிய யூதச் சமூகங்களின் ஒன்றியத் தலைவர் டான்டே அல்மான்சியையும் வரவழைத்தார். ஃபோவா முன்னாள் நீதிபதி. அல்மான்சி பாசிச ஆட்சியிலேயே உயர் அதிகாரியாக இருந்தவர். முப்பத்தாறு மணி நேரத்தில் ஐம்பது கிலோ தங்கம் வர வேண்டும், இல்லையேல் இருநூறு யூதர்கள் நாடு கடத்தப்படுவார்கள் என்பது காப்ளரின் கெடு.

ஆற்றங்கரைத் தொழுகைக் கூடத்தில் மேசை போட்டுத் தங்கம் வாங்கினார்கள். முதல் சில மணி நேரம் கொஞ்சமாகவே வந்தது. பின் வரிசை நீண்டது. ஏழைகள் திருமண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள். காதணி, உடைந்த சங்கிலித் துண்டு என வந்து சேர்ந்தது. கத்தோலிக்கர்களும் சிலர் தயங்கித் தயங்கி உள்ளே வந்து, தாங்களும் கொடுக்கலாமா என்று கேட்டுக் கொடுத்துப் போனார்கள். குறைந்தால் கடனாகத் தர வத்திக்கான் முன்வந்தது, தேவைப்படவில்லை. செப்டம்பர் 28 மாலை, டாசோ தெருவிலிருந்த எஸ்.எஸ். அலுவலகத்தில் தங்கம் நிறுக்கப்பட்டது. தராசு ஐந்து கிலோவுக்கு மேல் நிறுக்காது. எனவே பத்து முறை நிறுக்க வேண்டியிருந்தது. நிறுத்து முடித்ததும், ஒன்பது முறைதான் ஆயிற்று, ஐந்து கிலோ குறைகிறது என்று கேப்டன் ஷூட்ஸ் கத்தினார். கெஞ்சி, மன்றாடி, எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுத்துக் காட்டியபோது கணக்கு சரியாக இருந்தது. ரசீது கேட்டதற்கு மறுத்துவிட்டார். மனிதர்களின் முகவரியை வரி தவறாமல் எழுதிவைத்த ஆட்சிகளின் கூட்டணியில், அவர்கள் கொடுத்த தங்கத்துக்கு ஒரு துண்டுத் தாள் கிடைக்கவில்லை.

மறுநாளே யூதச் சமூக அலுவலகம் சோதனையிடப்பட்டு, இருபது லட்சம் லிரா பணமும் ஆவணங்களும் உறுப்பினர் ஏடுகளும் எடுத்துச் செல்லப்பட்டன. அக்டோபர் 14-இல் நூலகம் இரண்டு ரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்டது. பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கையெழுத்துச் சுவடிகளும் தொடக்ககால அச்சுநூல்களும் கொண்ட அந்தச் சமூக நூலகம் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஃபோவாவும் அல்மான்சியும் மக்களை எச்சரித்துச் சிதறச் செய்திருக்க வேண்டும், ஏடுகளை எரித்திருக்க வேண்டும் என்று அப்போதே ஒரு குரல் இருந்தது. தலைமை ரபியான (யூத மதகுரு) இஸ்ராயேல் சோல்லி தாமே ஒளிந்துகொண்டார். பிற்காலத்தில் இந்த இருவர்மீதும் கடுமையான பழி விழுந்தது. அவர்களுடைய கணிப்பு தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பழிக்குள் வேறு ஒன்று மறைந்துபோகிறது. அலுவலகத்திலிருந்து பறித்தவை பெரும்பாலும் சமூகத்துக்கு வரி கட்டக்கூடியவர்களின் ஏடுகள். வரி கட்ட வக்கில்லாத தெரு வியாபாரியின் முகவரியும், யூதச் சமூகத்தோடு ஒட்டுறவே இல்லாதவரின் முகவரியும் எங்கே இருந்தன? ஐந்தாண்டுகளாகத் திருத்தப்பட்டுவந்த அரசுப் பதிவேட்டில். எந்தப் பட்டியல் எவ்வளவு பயன்பட்டது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் உண்டு. என்றாலும் யூதர்களை நாடு கடத்தும் பணியை பெர்லினிலிருந்து நடத்திய ஐக்மன் அனுப்பிவைத்த தியோடர் டான்னெக்கர் அக்டோபர் முதல் நாட்களில் ரோமுக்கு வந்து, இத்தாலியக் காவல்துறையின் உதவியோடு முகவரிகளைத் தெருவாரியாக அடுக்கினார் என்பது உறுதி. ஏமாந்த இரு கிழவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. ஒரு அமைச்சகத்தை ஏற்றுவது கடினம்.

அந்தச் சனிக்கிழமையும் திங்கட்கிழமையும்

முதல்நாள் மாலை, யூதக் குடியிருப்புக்கு ஒரு பெண் தலைவிரிகோலமாக ஓடி வந்து, ஒரு பெரிய பட்டியல் தயாராகியிருக்கிறது, எல்லோரையும் பிடிக்கப் போகிறார்கள், ஓடுங்கள் என்று அலறியதாகப் பதிவு உண்டு. சித்தம் கலங்கியவள் என்று பெயரெடுத்த அவள் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை. தங்கம்தான் கொடுத்தாயிற்றே.

பிடிபட்டவர்கள் லுங்காரா தெருவிலிருந்த இராணுவக் கல்லூரிக் கட்டடத்தில் அடைக்கப்பட்டார்கள். அங்கிருந்து வத்திக்கான் சில நிமிட நடைத் தூரம். அந்தக் கட்டடத்தில் ஓர் இளம்பெண்ணுக்குப் பிரசவமானது. தாயும் சேயும் மற்றவர்களோடு ரயிலேற்றப்பட்டார்கள். கலப்புத் திருமணம் செய்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும், யூதரல்லாதவர் என்று மெய்ப்பித்தவர்களும் விடுவிக்கப்பட்டபின் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எஞ்சினார்கள். பிற்கால ஆய்வு அந்த எண்ணை 1,023 என்று கணக்கிடுகிறது.

போப் பன்னிரண்டாம் பயஸுக்குச் செய்தி காலையிலேயே எட்டிவிட்டது. வத்திக்கானின் அரசுச் செயலாளர் கர்தினால் மாக்லியோனே அன்றே ஜெர்மானியத் தூதர் வைசேக்கரை அழைத்துப் பேசினார். ஆனால் பொதுக் கண்டனம் எதுவும் வரவில்லை. மறுபுறம், அடுத்த மாதங்களில் கன்னியர் மடங்களும் துறவியர் இல்லங்களும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களுக்கு ஒளிவிடம் கொடுத்தன. இவ்விரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது எந்தப் பக்கத்தாருக்கும் வசதியாக இருக்கலாம். ஆனால் இரண்டும் நடந்தன. ரோம் நகரத்துச் சாதாரண மக்களைப் பற்றிக் காப்ளரே தம் அறிக்கையில் எரிச்சலோடு எழுதினார்: மக்கள் செயலற்ற எதிர்ப்புக் காட்டினார்கள், பல இடங்களில் யூதர்கள் தப்ப உதவவும் செய்தார்கள் என்று. ஏறத்தாழ பத்தாயிரம் யூதர்கள் அந்த நாளில் பிடிபடாமல் போனதற்கு அண்டை வீட்டுக் கதவுகளும் ஒரு காரணம்.

திங்கட்கிழமை, அக்டோபர் 18. திபுர்த்தினா ரயில் நிலையத்தில் சரக்குப் பெட்டிகள் நின்றன. கைது நடந்தபோது ஊரில் இல்லாததால் தப்பிவிட்ட ஒரு தாய், கணவரும் பிள்ளைகளும் உள்ளே இருப்பதை அறிந்து ஓடிவந்து, பெட்டிப் பெட்டியாகக் குரல் கொடுத்துத் தேடி, தன்னையும் ஏற்றிக்கொள்ளும்படி மன்றாடி ஏறிக்கொண்டாள். அக்டோபர் 22 இரவு ரயில் ஆஷ்விட்ஸை அடைந்தது. மறுநாள் நடந்த பிரிப்பில் 149 ஆண்களும் 47 பெண்களும் வேலைக்கென்று நிறுத்தப்பட்டார்கள். ஏனைய எண்ணூற்றுக்கும் மேற்பட்டோர், எல்லாக் குழந்தைகளும் உட்பட, அன்றே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். போர் முடிந்தபின் ரோமுக்குத் திரும்பியவர்கள் பதினாறு பேர். பதினைந்து ஆண்கள், ஒரே ஒரு பெண்: செத்திமியா ஸ்பிட்சிகினோ. இருநூறு குழந்தைகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

பிறகு தட்டியவர்கள்

கதை இத்தோடு முடிந்திருந்தால், ஜெர்மானியர் செய்தது என்று இத்தாலி கை கழுவியிருக்கலாம். அக்டோபர் 16-இல் இத்தாலியக் காவலர்கள் கதவு தட்டப் பயன்படுத்தப்படவில்லை. நம்ப முடியாதவர்கள் என்று காப்ளரே ஒதுக்கிவிட்டார். ஆனால் ஆறு வாரத்தில் நிலைமை மாறியது. ஜெர்மானியர் முசோலினியை மீட்டு வடக்கே சலோவில் நிறுவிய பாசிசக் குடியரசு, நவம்பர் 14-இல் வெரோனாவில் கூடி, யூத இனத்தவர் அந்நியர், இந்தப் போரின்போது பகை நாட்டினர் என்று தீர்மானித்தது. நவம்பர் 30-இல் அதன் உள்துறை அமைச்சர் புஃபரினி குய்டி பிறப்பித்த ஐந்தாம் எண் காவல் ஆணை, எல்லா யூதர்களையும் கைதுசெய்து முகாமில் அடைக்கவும் சொத்துகளைப் பறிமுதல் செய்யவும் கட்டளையிட்டது. இந்த ஆணையை நிறைவேற்றியவர்கள் இத்தாலியக் காவலர்கள், இத்தாலியச் சிறை அலுவலர்கள், இத்தாலியப் பாசிசப் படையினர். ஊர்தோறும் காவல் நிலையத்தில் 1938-இன் பட்டியல் இருந்ததால் தேடும் வேலை மிச்சம்.

எழுத்தாளர் பிரிமோ லெவி 1943 டிசம்பரில் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் பிடிபட்டது பாசிசப் படையினரிடம்தான். அவர் அடைக்கப்பட்டது இத்தாலியர் நடத்திய ஃபொசோலி முகாமில்தான். மிலானைச் சேர்ந்த லிலியானா செக்ரே 1938-இல் எட்டு வயதில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர். பதின்மூன்று வயதில் சுவிஸ் எல்லையில் கைதாகி, 1944 ஜனவரி 30-இல் மிலான் மத்திய ரயில் நிலையத்தின் அடித்தளத்திலிருந்து தந்தையோடு ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். தந்தை திரும்பவில்லை. பள்ளி வாசலிலிருந்து ரயில் பெட்டி வரை அந்தச் சிறுமியை நடத்திச் சென்றவர்கள் அவள் மொழியே பேசியவர்கள். ரோமில் விலைப்பட்டியலே உண்டு: யூத ஆண் ஒருவரைக் காட்டிக்கொடுத்தால் 5,000 லிரா, பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதைவிடக் குறைவு. 1944 ஜூன் 4-இல் நேச நாட்டுப் படைகள் நுழையும்வரை அந்நகரில் மேலும் பல நூறு யூதர்கள் இப்படிப் பிடிபட்டார்கள். அதே ஆண்டு மார்ச் 24-இல் ரோமின் ஆர்டியாடினா குகைகளில் ஜெர்மானியரால் சுட்டுக் கொல்லப்பட்ட 335 பேரில் எழுபதுக்கும் மேற்பட்டோர் யூதர்கள்.

இத்தாலியிலிருந்து நாடு கடத்தப்பட்டு அடையாளம் காணப்பட்டவர்கள் ஏறத்தாழ 6,800 பேர். திரும்பியவர்கள் 837. கைதுகளில் ஏறத்தாழ பாதி இத்தாலியர் கையால் நடந்தவை.

போருக்குப் பின் நடந்த கணக்குத் தீர்ப்பு சிறியது. டான்னெக்கர் 1945 டிசம்பரில் அமெரிக்கர் காவலில் தற்கொலை செய்துகொண்டார். காப்ளருக்கு 1948-இல் ரோம் இராணுவ நீதிமன்றம் ஆர்டியாடினா படுகொலைக்காக ஆயுள் தண்டனையும், தங்கம் பறித்ததற்காகத் தனியே பதினைந்து ஆண்டுகளும் விதித்தது. 1977-இல் அவர் இராணுவ மருத்துவமனையிலிருந்து தப்பி ஜெர்மனி சேர்ந்து, மறு ஆண்டு இறந்தார். புஃபரினி குய்டி 1945-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குக் கீழே இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோரை 1946-இன் பொதுமன்னிப்பும் அரசுப் பணியின் தொடர்ச்சியும் காத்தன. பணி திரும்பக் கிடைத்த யூதப் பேராசிரியர்கள் பலர் தங்கள் பழைய நாற்காலியில் வேறொருவர் அமர்ந்திருக்க, உபரி ஆசிரியராகவே சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள்.

ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். 1939-இல் அமைக்கப்பட்ட இனத் தீர்ப்பாயம், பதிவேடு யூதர் என்று குறித்திருந்த ஒருவரை ஆரியர் என்று அறிவிக்கும்படி பரிந்துரைக்கும் அதிகாரம் பெற்றிருந்தது. அதற்குத் தலைமை வகித்தவர் கயேட்டானோ அட்சாரிட்டி. போருக்குப் பின் அவர் குடியரசு இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்ற நீதிபதியானார். 1957 முதல் 1961-இல் இறக்கும்வரை அதன் தலைவராகவே இருந்தார். இனத்தின் பேரால் வேறுபாடு கூடாது என்று மூன்றாம் பிரிவிலேயே சொல்லும் அரசியலமைப்பின் காவலர் அவர்.

அவர் பிறந்த நேப்பிள்ஸ் நகரில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டிருந்தது. 2015-இல் அந்தப் பலகையை நகராட்சி இறக்கியது. இப்போது அந்தத் தெரு, நேப்பிள்ஸில் பிறந்து, எட்டு மாத வயதில் மிலானிலிருந்து ஆஷ்விட்ஸுக்குப் போகும் ரயிலில் வழியிலேயே இறந்துபோன ஒரு பெண் குழந்தையின் பெயரைத் தாங்கியிருக்கிறது.